வலது இறக்கைக்கு ஒரு ஆள்

விமானம் ஓட்டுகிறவருக்குத் தன் விமானத்தின் இறக்கை நுனி சரியாகத் தெரியாது என்று சொன்னால் ஓசூரில் ஒருத்தரும் நம்புவதில்லை. லாரி டிரைவருக்குக்கூடப் பின்சக்கரம் எங்கே உருளுகிறது என்று தெரியுமே, அவ்வளவு படித்தவருக்குத் தெரியாதா என்று என்னையே மடக்குவார்கள். தெரியாதுதான். தரையிறங்கி, ஊர்ந்து ஊர்ந்து, விமானம் நிறுத்துகிற கேட்டுக்கு வரும்போது அவர் நம்பி வருவது ஒரே ஒரு ஆளைத்தான். எதிரே தரையில் நின்று, இரண்டு கையிலும் மட்டை வைத்துக்கொண்டு, வா வா என்று கூப்பிடுகிற ஆளை. அந்த ஆளாக நான் நான்கு வருஷம் நின்றேன். எந்த விமான நிலையம், எந்தக் கம்பெனி என்று கேட்காதீர்கள். எல்லைக்கு அந்தப் பக்கம் என்பது போதும்.

மட்டைக்காரன் ஒருத்தன் போதாது. இறக்கை இரண்டு இருக்கிறதே. இடது நுனிக்கு நேராக ஒரு ஆள், வலது நுனிக்கு நேராக ஒரு ஆள் நிற்க வேண்டும். பெட்டி ஏற்றும் டிராலியோ, ஏணி வண்டியோ சிவப்புக் கோட்டைத் தாண்டி நின்றால் அவர்கள் எனக்குக் கை காட்டுவார்கள். நான் மட்டைகளைத் தலைக்கு மேல் குறுக்கே பிடிப்பேன். விமானம் நின்றுவிடும். இவ்வளவுதான் விஷயம். காகிதத்தில் நாங்கள் மூன்று பேர். தரையில் இரண்டு பேர். முன்னால் நான், இடது பக்கம் ஒருத்தர். வலது இறக்கையை ஆண்டவன் பார்த்துக்கொள்வான் என்று விட்டிருந்தார் எங்கள் காண்ட்ராக்டர்.

அந்தக் காண்ட்ராக்டரை எனக்கு அதற்கு முன்பே தெரியும். எனக்குச் சொந்த ஊர் சாத்தூர் பக்கம். பிழைப்புக்காக ஓசூர் வந்து, தகடு அடிக்கும் பிரஸ் ஷாப்பில் எட்டு வருஷம் இருந்தேன். பிரஸ் மெஷினில் இரண்டு பட்டன் இருக்கும். இரண்டு கையாலும் சேர்த்து அமுக்கினால்தான் மெஷின் இறங்கும். கை உள்ளே மாட்டக் கூடாது என்பதற்கான ஏற்பாடு. இவர் அங்கேயும் ஆள் சப்ளை. இவருடைய ஆட்கள் ஒரு பட்டனை ரப்பர் பட்டை போட்டு இறுக்கிக் கட்டிவிட்டு ஒரு கையால் ஓட்டுவார்கள். உற்பத்தி கூடும். பார்த்தும் பார்க்காத மாதிரி போவார். கம்பெனி மூடிய பிறகு, விமான நிலையத்தில் தரை வேலைக்கு ஆள் எடுக்கிறேன் வருகிறாயா என்று அவரே கூப்பிட்டார். தமிழும் கன்னடமும் தெலுங்கும் ஒரே மூச்சில் பேசுகிற, ஷிப்டுக்குப் பழகின, குறைந்த சம்பளத்துக்கு மறுபேச்சுப் பேசாத ஆட்கள் வேறு எங்கே கிடைப்பார்கள்? ஒரு வேன் நிறைய நாங்கள் போனோம். காவிரித் தகராறு வரும் நாட்களில் தமிழ்நாட்டு நம்பர் பிளேட் எல்லை தாண்ட முடியாது. செக்போஸ்டில் இறங்கி நடந்து, அந்தப் பக்கத்து பஸ்ஸைப் பிடித்துப் போவோம். அப்படிப் போன நாளிலும் தாமதத்துக்குச் சம்பளத்தில் பிடித்தார்கள்.

இடது பக்கம் நின்றவர் தளிக்கு அந்தாண்டை ஒரு கிராமத்துக்காரர். வீட்டில் கன்னடம், என்னிடம் தமிழ். என்னைவிட ஆறேழு வயது சின்னவர், அண்ணா என்று கூப்பிடுவார். தோட்டத்தில் பீன்ஸ் எடுக்கும் பருவத்தில் எங்கள் வீட்டுக்கு ஒரு பை கொண்டுவருவார். என் மனைவி ரோஜாப் பண்ணை ஷெட்டில் பூ தரம் பிரிக்கும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். அவள் ஒரு கட்டு உடைந்த காம்புப் பூவைக் கொடுத்து அனுப்புவாள். அவ்வளவு பழக்கம். நல்ல ஓட்டக்காரர். அந்த ஓட்டம்தான் அவருக்கு வினையாக வந்தது. இடது நுனியில் நின்றுகொண்டே விமானத்தின் வயிற்றுக்கு அடியில் குனிந்து வலது பக்கத்தையும் பார்ப்பார், ஏதாவது தட்டுப்பட்டால் சுற்றி ஓடுவார். ஒரு ஆள் இரண்டு ஆள் வேலை. கெட்டிக்காரன் என்று அவரைக் காண்ட்ராக்டர் தட்டிக்கொடுப்பார். எனக்குக் காண்ட்ராக்டர் மேல் ஆத்திரமாக வரும்.

ஒரு மத்தியானம் ஏழாம் கேட்டில் அது நடந்தது. விமானம் மஞ்சள் கோட்டில் நேராக வந்துகொண்டிருந்தது. வலது பக்கம் யாரோ விட்டுப்போன டிராலி ஒன்று சிவப்புக் கோட்டைத் தாண்டி முக்கால்வாசி உள்ளே நின்றது. நான் பார்த்தேன். தளிக்காரரும் பார்த்தார். மட்டையைக் குறுக்கே பிடித்திருந்தால் முடிந்தது. ஆனால் விமானம் வழியில் நின்றால் ஏன் நின்றது என்று ஆபீஸிலிருந்து கேள்வி வரும், காண்ட்ராக்டர் காய்ச்சி எடுப்பார். தளிக்காரர்தான் ஓடுகிறாரே, தள்ளிவிடுவார் என்று விட்டுவிட்டேன். இதை யாரிடமும் மறைத்ததில்லை, இங்கேயும் மறைக்கவில்லை. அவர் டிராலியை இழுத்தார். அது திரும்பி, பின்னால் நின்ற ஏணி வண்டிக்கும் தனக்கும் நடுவில் அவர் வலது காலை வைத்து நசுக்கியது. என்ஜின் இரைச்சலில் அவர் கத்தியது எனக்குக் கேட்கவில்லை. வாய் திறந்ததுதான் தெரிந்தது. அப்போதுதான் மட்டையைக் குறுக்கே பிடித்தேன். விமானத்துக்கு ஒரு கீறல்கூட இல்லை.

ஆஸ்பத்திரிக்குக் காண்ட்ராக்டர் ஆப்பிள் வாங்கிக்கொண்டு வந்தார். தளிக்காரர் காலில் கம்பி வைத்திருந்தார்கள். இன்னொரு ஆபரேஷன் செய்யாவிட்டால் பாதத்தை இழுத்துக்கொண்டுதான் நடக்க வேண்டியிருக்கும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். வராந்தாவில் வைத்து நான் காண்ட்ராக்டரிடம் கேட்டேன், இனியாவது வலது பக்கத்துக்கு ஒரு ஆள் போடுங்கள் என்று. அவர் என் தோளில் கை போட்டு, அந்த ஏழாம் கேட்டே சரியில்லை, கண்ணேறு விழுந்துவிட்டது, போன மாதம்கூட அங்கேதான் பெட்டி டிராலி இழுக்கிற டிராக்டர் டயர் வெடித்தது, கழிப்புக் கழித்தால் சரியாகிவிடும் என்றார். நான் ஆளைக் கேட்டேன், அவர் கழிப்பைப் பற்றிப் பேசினார். அதன் பிறகு பார்க்கிற இடத்திலெல்லாம் கேட்டேன். வருகிறான் வருகிறான் என்பார். ஒரு நாள், உனக்கு வேலை இருக்கும்போதே இவ்வளவு வாயா என்றார். இடது பக்கத்துக்கு மட்டும் புதிதாக ஒருத்தரைக் கொண்டுவந்து நிறுத்தினார். அவருக்குச் சிவப்புக் கோடு எதற்கு என்றுகூட யாரும் சொல்லித்தரவில்லை, நான்தான் சொன்னேன்.

ஆயுத பூஜை வந்தது. ஓசூரில் அன்றைக்கு ஒரு தொழிற்சாலை விடாமல் மெஷினைத் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, வாழைக்கன்று கட்டி, பொரிகடலை பங்கு போட்டு, வாசலில் பூசணிக்காய் உடைப்பார்கள். எங்களுக்கு அது ரத்தத்தில் ஊறினது. பூஜை போடாமல் டிராக்டர் சாவியைத் தொடமாட்டேன் என்று டிரைவர் சொன்னால் அது நடிப்பில்லை. நிலையத்து அதிகாரிகளும் ஷெட்டுக்குள் வைத்துக்கொள்ளுங்கள் என்று அனுமதி கொடுத்திருந்தார்கள். பூசணிக்காயில் துளை போட்டு, குங்குமத்தைக் கொட்டி, ஒவ்வொருத்தரும் தன் வீட்டை நினைத்துக்கொண்டு கையில் அகப்பட்ட காசைப் போட்டோம். நானும் போட்டேன். காலையில் என் மனைவி, மறக்காமப் போடுங்க, அந்தத் தம்பி காலுக்கும் சேத்துப் போடுங்க என்று இரண்டு காசு கொடுத்து அனுப்பியிருந்தாள். ஷெட் வாசலில்தான் உடைப்பார்கள் என்று நினைத்தேன். அதற்குள் மூன்றாம் கேட்டுக்கு விமானம் வருகிறது என்றார்கள், மட்டையை எடுத்துக்கொண்டு போய்விட்டேன்.

அதை முடித்துவிட்டு, அடுத்த விமானத்துக்காக ஏழாம் கேட்டுக்கு வந்தேன். விமானம் வருவதற்கு முன்னால் தரையை நடந்து பார்ப்பது எங்கள் முறை. கீழே கிடக்கிற ஒரு ஆணி போதும், ஓடுகிற என்ஜின் அதை உறிஞ்சி உள்ளே இழுத்துக்கொள்ளும், தகடு தகடாக உடைந்துபோகும். மஞ்சள் கோட்டின் மேல் ஈரம். குங்குமச் சிவப்பு. பூசணி விதை. ஷெட்டில் உடைக்க வேண்டியதைக் காண்ட்ராக்டர் கண்ணேறு இருக்கும் இடத்திலேயே கழிக்க வேண்டும் என்று இங்கே கொண்டுவந்து, விமானம் வந்து நிற்கும் கோட்டிலேயே ஓங்கிப் போட்டு உடைத்துவிட்டுப் போயிருந்தார். அவசரத்தில் விளக்குமாற்றால் தள்ளியிருக்கிறார்கள். இடது என்ஜின் வந்து நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு காசு. எடுத்தேன். இரண்டடி தள்ளி இன்னொன்று. எத்தனை காசு போட்டோம் என்று யாருக்குத் தெரியும்? அவரவர் சாமிக்கு அவரவர் போட்டது. எத்தனை எடுத்தால் முடிந்தது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

அடப்பாவிகளா என்று வாய்விட்டே சொன்னேன். நிமிர்ந்தால் விமானம் திரும்பிக்கொண்டிருக்கிறது. வலது பக்கம் வழக்கம்போல யாரும் இல்லை. இடது பக்கத்துப் புது ஆள் பொரி மென்றுகொண்டு நின்றார். தளிக்காரர் கால் நசுங்கிய மத்தியானம் நான் விட்ட தப்பு நெஞ்சில் நின்றது. இந்தத் தடவை யோசிக்கவில்லை. மட்டைகளைத் தலைக்கு மேல் குறுக்கே பிடித்தேன். விமானம் நின்றது. உள்ளே ஜன்னல் ஓரம் முகங்கள் தெரிந்தன. கை வலிக்கும்வரை இறக்கவில்லை.

அரை மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. ஆபீஸில் இருந்து அதிகாரி ஜீப்பில் வருவதற்குள் டிராக்டர் டிரைவரும் மற்றவர்களும் தண்ணீர் வண்டியைக் கொண்டுவந்து கழுவிவிட்டார்கள். சுத்தம் செய்தார்கள் என்றுதான் சொல்ல வேண்டும். குங்குமமும் போயிற்று, விதையும் போயிற்று. கிடைத்த காசை அவரவர் பையில் போட்டுக்கொண்டார்கள். என் கையில் இருந்த இரண்டு காசை அதிகாரியிடம் நீட்டினேன். பூசணிக்காய் உடைத்தார்கள் என்று சொன்னேன். அவர் மற்றவர்களைப் பார்த்தார். ஷெட்டில் உடைத்ததுதான், இங்கே யார் உடைத்தது என்று ஒரே குரலில் சொன்னார்கள். காசு யார் பையில்தான் இல்லை, அதை வைத்து எதை நிரூபிப்பது? அதிகாரி அதை என்னிடமே திருப்பிக் கொடுத்தார். என்னோடு வேனில் வந்து, என் மனைவி கட்டிக் கொடுத்த புளிச்சாதத்தைப் பங்கு போட்டுத் தின்றவர்கள் அவர்கள். திரும்பும்போது வேனில் ஒருத்தரும் என்னிடம் பேசவில்லை. சாமி காரியத்தைக் காட்டிக்கொடுத்தவன் ஆகிவிட்டேன்.

விமானக் கம்பெனி விளக்கம் கேட்டது. பூசணிக்காய் உண்மை என்று தெரிந்தால் காண்ட்ராக்ட் போய்விடும். மூன்று நாள் என்னை வேலைக்கு வர வேண்டாம் என்றார்கள். நான்காம் நாள் சாயங்காலம் எங்கள் வீட்டு வாசலில் ஆட்டோ நின்றது. கட்டையை ஊன்றிக்கொண்டு தளிக்காரர் இறங்கினார். ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பிப் பத்து நாள்கூட ஆகவில்லை. தெரு முனையில் காண்ட்ராக்டரின் கார் நின்றதை என் மனைவி ஜன்னல் வழியாகப் பார்த்து எனக்குக் கண்ணைக் காட்டினாள்.

வந்தவர் கட்டையைச் சுவரில் சாய்த்துவிட்டு உட்கார்ந்தார். கொடுத்த காபி ஆறிப் போயிற்று. பிறகு சொன்னார்.

"அண்ணா, நான் கேக்கக் கூடாது. ஆனா கேக்கறேன். காண்ட்ராக்ட் போயிடுச்சுன்னா ரெண்டாவது ஆபரேசன் யாரு பண்ணுவாங்க? நீங்க பாத்தது சரியாத் தெரியலன்னு எழுதிக் குடுத்துட்டா இது முடிஞ்சிரும்னு சொல்றாங்க. உங்க வேலையும் போகாதாம்."

"நீ என்னப்பா சொல்ற? நான் பாத்தது பொய்யா?"

"பொய்யில்லண்ணா. எனக்குத் தெரியும். நான் நடக்கணும், அதுக்குத்தான் வந்தேன்."

எனக்கு அவர் மேல் கோபம் வந்ததா என்றால், வந்தது. எவனுக்காக வாய் வலிக்க ஆள் கேட்டேனோ அவனே வந்து என் வாயை அடைக்கிறானே என்று நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. ஆனால் அந்தக் கால் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. நான் மட்டையைக் குறுக்கே பிடிக்காததால் போன கால். என் மனைவி சமையலறை வாசலில் நின்று, "எழுதிக் குடுத்துட்டு வாங்க. நமக்கு வேற என்ன வழியிருக்கு, சொல்லுங்க" என்றாள். அவள் அழுதாள் என்று நினைக்கிறேன். நான் திரும்பிப் பார்க்கவில்லை.

மறுநாள் காண்ட்ராக்டர் ஆபீஸில் உட்காரவைத்து எழுதச் சொன்னார்கள். ஆபீஸ் எழுத்தர் வாசகத்தைச் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். தரையில் ஏதோ கிடப்பதாக எனக்குத் தோன்றியது. வெயில் கூசியதால் தவறாகக் கண்டுவிட்டேன். அதுவரை சரி. அடுத்த வரி, எனக்குச் சில நாட்களாகக் கண் பார்வை தெளிவாக இல்லை என்று வந்தது. பேனா நின்றது. என் கண்ணுக்கு என்ன, இரண்டு கேட் தள்ளி நிற்கிற விமானத்தின் வால் எண்ணைப் படிப்பேன் என்றேன். அட, ஒரு காரணம் வேண்டுமில்லையா, சும்மா எழுதுங்கள், யார் பார்க்கப் போகிறார்கள் என்றார் எழுத்தர். எழுதினேன். கையெழுத்தும் போட்டேன். என்ன புத்தி எனக்கு. பிரஸ் ஷாப்பில் எட்டு வருஷம் ஒரு விரலைக்கூட விடாமல் காப்பாற்றி வைத்திருந்தவன், அந்த விரல்களாலேயே இதை எழுதினேன்.

சும்மா சொல்லக் கூடாது, இரண்டாவது ஆபரேஷனைக் காண்ட்ராக்டர் செய்துகொடுத்தார். தளிக்காரர் இன்றைக்குக் கட்டை இல்லாமல் நடக்கிறார், தோட்டத்தைப் பார்த்துக்கொள்கிறார். என்னைக் கண்டால் வேறு பக்கம் போகிறார், நானும் கூப்பிடுவதில்லை. வருத்தமா என்று கேட்டால் வருத்தம்தான். ஆனால் அது அவர் மேல் இல்லை.

நான் மறுபடியும் வேலைக்குப் போய் ஒரு வாரம் ஆகியிருக்கும். பிற்பகல் ஷிப்டுக்கு மட்டையை எடுக்கப் போனபோது காண்ட்ராக்டர் ஷெட்டில் உட்கார்ந்திருந்தார். என் கையெழுத்துப் போட்ட காகிதத்தின் நகல் அவர் முன்னால் இருந்தது. உட்காரச் சொன்னார். காபி வரவழைத்தார். 

"ஏம்பா, நீயே கைப்பட எழுதிக் குடுத்திருக்கியே. கண்ணு சரியில்லாத ஆளு கையில மட்டையக் குடுத்து நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா என்னைத்தான கேப்பாங்க? கம்பெனிக்காரங்களும் அதையேதான் சொல்றாங்க. எனக்கு சேஃப்டிதான் முக்கியம்."

என்னை எங்கே வேண்டுமானாலும் கூட்டிப்போய்க் கண்ணைப் பரிசோதித்துப் பாருங்கள் என்றேன். அவர் காகிதத்தைத் தட்டிக் காட்டினார். என் எழுத்து, என் கையெழுத்து. என் கண் நன்றாக இருக்கிறது என்று நிரூபிக்க, நான் எழுதியது பொய் என்று சொல்ல வேண்டும். சொன்னால் பூசணிக்காய் வெளியே வரும். ஆபரேஷன் அடுத்த வாரத்துக்குக் குறித்திருந்தது. நான் வாயை மூடிக்கொண்டேன். இந்த ஐம்பது வயதுக்கு மேலும் எனக்குக் கண்ணாடி கிடையாது, ஊசிக்கு நூல் நான்தான் கோத்துக் கொடுக்கிறேன்.

கணக்கை முடிக்கச் சொல்லிவிட்டு எழுந்தேன். கேட்காமல் போயிருக்கலாம். மனசு கேட்கவில்லை.

"என் இடத்துல யாரு நிக்கறாங்க?"

"இடது பக்கம் நிக்கறான்ல, அவனையே முன்னாடி நிறுத்திட்டேன். பாத்துப் பாத்துக் கத்துக்கிட்டான்."

"அப்ப இடது பக்கம்?"

அவர் செல்போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டு எனக்குக் கையால் போகச் சொன்னார்.

வெளியே வந்து வேலி ஓரம் நின்றேன். ஏழாம் கேட்டுக்கு விமானம் திரும்பிக்கொண்டிருந்தது. அவ்வளவு தூரத்திலிருந்தும் எல்லாம் தெளிவாகத் தெரிந்தது. மூன்று பேர் நிற்க வேண்டிய இடத்தில் இரண்டு பேர்தான் நிற்கிறோம் என்று கத்திக் கத்தித்தான் நான் வேலையை இழந்தேன். அன்றைக்கு அந்த விமானத்துக்கு ஒருத்தர்தான் நின்றார்.